மீன் தலையும் தவசிக்கீரையும்: சிங்கப்பூரில் ஆறு நாள்

செவ்வாய்: தேக்கா

பயணம் திங்கட்கிழமை தொடங்கவில்லை. மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தைகளில் மீன்கடைகள் பலவற்றுக்கும் அன்று விடுமுறை. திறந்திருக்கும் கடையிலும் முந்தின நாள் சரக்குதான் பெரும்பாலும் இருக்கும். செவ்வாய் காலை ஏழு மணிக்குள் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் நின்றால் தேர்ந்தெடுத்து வாங்கலாம். ஒன்பது மணிக்குப் போனால் நல்ல தலைகளையெல்லாம் உணவகங்கள் எடுத்துப்போயிருக்கும்.

தேக்கா என்பது 'மூங்கிலடி' என்று பொருள்படும் ஹொக்கியன் பெயர், தமிழர் வாயில் சுருங்கி நின்றது. இப்போதுள்ள கட்டடம் 1982இல் எழுந்தது. கீழ்த்தளத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும், மேலே துணிக்கடைகள்.

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அதனால் 'உள்ளூர்ப் பொருள்' என்பதை இங்கே எல்லைக்கோட்டை வைத்து அளக்க முடியாது. பறித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, பிடித்ததிலிருந்து ஐஸ் குறையாமல் வந்ததா என்பதுதான் சமையற்காரர் கேட்கவேண்டிய கேள்வி. பக்கத்து மலேசியாவின் ஜோகூரில் மாலையில் பறித்த வெண்டைக்காய் விடிவதற்குள் கடற்பாலம் தாண்டி வந்துவிடுகிறது. அதை உள்ளூர்க் காய் என்று தயங்காமல் சொல்லலாம். பெட்டியில் மூன்று நாள் கிடந்து வந்த தமிழ்நாட்டு முருங்கைக்காய்க்காக அதைத் தள்ளிவைப்பது சமையலுக்கு நல்லதில்லை.

மீன்கடையில் மலாய்ப் பெயர்கள்தான் புழங்குகின்றன, தமிழ்க் கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். தெங்கிரி என்றால் வஞ்சிரம். அதிலேயே இரண்டு வகை: உடம்பில் குறுக்குக் கோடு ஓடினால் பாத்தாங், புள்ளி இருந்தால் பாப்பான். குராவ் என்பது காலா, கெம்போங் என்பது கானாங்கெளுத்தி, பாவால் என்பது வௌவால், சியாக்காப் என்பது கொடுவா. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு வாரம் வௌவால் விலை ஏறிவிடும். அந்த நாட்களில் வௌவால் வறுவலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கொடுவாவுக்கு மாறுவது நல்லது.

மீன் தலைக் குழம்புக்கு வேண்டியது ஈக்கான் மேரா. நம் சங்கராவின் சாயல், உருவம் பல மடங்கு பெரிது. முழு மீனைச் சோதிக்கும் வழக்கம் தலைக்கு மட்டும் போதாது, ஏனென்றால் வயிற்றை அழுத்திப் பார்க்க அங்கே வயிறு இல்லை. வெட்டு முகத்தைப் பாருங்கள். கழுத்துச் சதை கண்ணாடிபோல் மினுங்கினால் இன்றைய வெட்டு. பால்வெள்ளையாக மங்கி, ஓரம் காய்ந்திருந்தால் நேற்றையது. முள்ளெலும்பை ஒட்டிய ரத்தம் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கி முகர்ந்தால் கடல் வாசம் வரவேண்டும். கண் உப்பியிருக்க வேண்டும். தலை ஐஸின் மேல் கிடக்கலாம், ஐஸ் உருகிய தண்ணீரில் ஊறக்கூடாது. ஊறிய தலையின் கழுத்துச் சதை குழம்பில் சுவையற்ற பஞ்சாகிவிடும்.

நாலு பேருக்கு ஒரு கிலோவிலிருந்து 1.2 கிலோ வரையுள்ள தலை போதும். வெட்டச் சொல்லும்போது, கழுத்துச் சதை மூன்று விரல் அகலம் தலையோடு நிற்கட்டும் என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் அந்தச் சதை துண்டு மீனோடு போய்விடும், தலையில் எலும்புதான் மிஞ்சும். செவுளை முழுக்க எடுக்கவும், தாடைக்கு அடியில் செதில் சுரண்டவும் சொல்லுங்கள். தாடையடிச் செதிலைக் கடையில் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

வஞ்சிரம், கானாங்கெளுத்தி, சூரை மூன்றுக்கும் ஒரு எச்சரிக்கை. இவை வெப்பத்தில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் உருவாகும். அது சமைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து தலைவலி வரும். சந்தைக்கு ஐஸ்பெட்டியோடு போங்கள். வீட்டுக்கோ கடைக்கோ வந்ததும் 4 டிகிரிக்குக் கீழே வைத்துவிடுங்கள்.

ஆட்டிறைச்சி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. குளிரூட்டியதா உறைந்ததா என்று கேட்டு வாங்குங்கள். உறைந்ததென்றால் உருகி நீர் வடிந்த பிறகு எடைபோட்டு அதற்குத்தான் மசாலா கணக்கிட வேண்டும். வாங்கிய எடைக்குப் போட்டால் உப்பும் காரமும் தூக்கலாகிவிடும்.

தேங்காய்ப்பால் விஷயத்தில் தேக்கா ஒரு வரம். கண்முன்னே துருவி, பொறியில் பிழிந்து தருகிறார்கள். தண்ணீர் சேர்க்காமல் பிழிந்தால் ஒரு கிலோ துருவலுக்கு அரை லிட்டரை ஒட்டிக் கெட்டிப்பால் கிடைக்கும். இது காய்ச்சாத பால். இந்த ஊர் வெக்கையில் மதியத்துக்குள் புளித்துவிடும், ஐஸில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

புதன்: ரேஸ் கோர்ஸ் சாலை

மீன் தலைக் குழம்பு இந்த ஊரில் பிறந்த பண்டம். கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் 1949இல் சோஃபியா சாலைப் பக்கம் நடத்திய உணவகத்தில் இதைத் தொடங்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. மீன் தலையைச் சுவைத்துச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காகத் தென்னிந்தியக் குழம்பில் தலையை இட்டார். ஊரிலிருந்து பண்டத்தை அப்படியே தூக்கிவராமல், இங்கே என்ன கிடைக்கிறது, யார் சாப்பிட வருகிறார்கள் என்று பார்த்துச் செய்தது. ஆறு நாளும் எழுதப்போவது ஏதோ ஒரு வகையில் இதைப் பற்றித்தான்.

இன்று இதன் முகவரி ரேஸ் கோர்ஸ் சாலை. முத்தூஸ் கறி 1969இல் தொடங்கியது, பனானா லீஃப் அப்போலோ 1974இல். கூட்டமாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கறி கேட்காமல் தலை ஒன்று, காய் இரண்டு, அப்பளம், சோறு என்று நிறுத்திக்கொண்டால் குழம்பின் தரம் தெளிவாகத் தெரியும். முதல் கரண்டியைச் சோற்றில் விடாமல் தனியாகச் சுவையுங்கள். புளி முன்னால் வரவேண்டும், பிறகு காரம், கடைசியில் தொண்டையில் வெந்தயத்தின் லேசான கசப்பு. தேங்காய்ப்பால் முதலில் நாக்கில் பட்டால் அந்தக் குழம்பில் புளி குறைவு.

ஒரு கிலோ தலைக்கான அளவு இது. புளி 40 கிராமை 600 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கரைக்கவும். பொடிக்குக் கிராம் கணக்கில் மல்லி 30, காய்ந்த மிளகாய் 15, சோம்பு 5, சீரகம் 5, மிளகு 3. தனித்தனியாக வறுத்து அரைத்து, ஒரு தேக்கரண்டி மஞ்சள் சேர்க்கவும். சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 12 பல், தக்காளி 200 கிராம், வெண்டைக்காய் 8, நீளக் கத்தரிக்காய் 2, கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி, எண்ணெய் 80 மில்லி. பல கடைகளில் அன்னாசித் துண்டும் சேர்கிறது. சேர்ப்பதானால் புளியை 30 கிராமாகக் குறையுங்கள்.

தலையைக் கழுவும்போது முள்ளெலும்புப் பள்ளத்தில் உறைந்த ரத்தத்தைக் கல்லுப்பும் கொஞ்சம் புளியும் வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். குழம்பு கவிச்சி அடிப்பதற்கு முக்கியக் காரணம் அந்தப் பள்ளம்தான். பிறகு உப்பும் மஞ்சளும் தடவிக் கால் மணி நேரம்.

வெண்டையையும் கத்தரியையும் முதலில் எண்ணெயில் வதக்கி எடுத்துவைக்கவும். வெண்டையைப் பச்சையாகக் குழம்பில் போட்டால் வழவழப்பு முழுக்கப் பரவும். அதே எண்ணெயில் கடுகு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை. வெந்தயம் பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பானால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள், அந்தக் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கியதும் தீயைக் குறைத்துப் பொடியைப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் கசியும்வரை கிளறவும். புளித்தண்ணீர் விட்டு 20 நிமிடம் கொதித்துப் பச்சை வாசம் போன பிறகுதான் தலை இறங்க வேண்டும். பக்கவாட்டில் கிடத்தி, மேலே தெரியும் பக்கத்தின்மீது குழம்பை அள்ளி அள்ளி ஊற்றி, மெல்லிய கொதியில் 12 நிமிடம். திருப்பிப் போடவேண்டாம், கன்னச் சதை பிரிந்துவிடும். கடைசி 3 நிமிடத்தில் வதக்கிய காய். தீயை நிறுத்துமுன் தேங்காய்ப்பால், ஒரு கொதி விளிம்பில் தெரிந்ததும் இறக்கவும். தளதளவென்று கொதித்தால் பால் திரியும்.

பத்து நிமிடம் மூடிவைத்த பிறகு பரிமாறுங்கள். தோலிலிருந்தும் உதட்டிலிருந்தும் இறங்கும் பசை குழம்பைத் தானாகவே கெட்டியாக்கும், மாவு எதுவும் தேவையில்லை. ஈக்கான் மேரா தலையை இத்தனை பேர் நாடுவதற்கு இந்தத் தடித்த தோலும் ஒரு காரணம்.

வியாழன்: பாசிர் பாஞ்சாங்

1983இல் தொடங்கிய மொத்தச் சந்தை. இரவு இரண்டு மணிக்கு மேல்தான் உயிர் வரும். கேமரன் மலைக் காய்கள் லாரியில் வந்து இறங்குகின்றன. சில்லறைக்கு வாங்குகிறவருக்கு இங்கே பெரிதாக வேலையில்லை. உணவகம் வைத்திருப்பவர் மாதம் ஒரு முறையாவது நேரில் போய், தன் காய்க்காரர் எந்தப் பெட்டியை எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

காய் கெடுவது பெரும்பாலும் வாங்கிய பிறகுதான். எல்லாவற்றையும் ஒரே குளிரறையில் 4 டிகிரியில் அடுக்குவது பல சமையலறைகளின் வழக்கம். பெரும்பாலான கீரைகளுக்கும் முட்டைக்கோஸுக்கும் அது சரி. வெண்டை, கத்தரி, வெள்ளரி, தக்காளி, காங்கோங் என்ற வள்ளைக்கீரை இவையெல்லாம் வெப்பநாட்டுப் பயிர்கள், 10 டிகிரிக்குக் கீழே போனால் அடிபடும். வெண்டையில் கரும்புள்ளி விழும், கத்தரித் தோல் குழிந்து விதை பழுப்பாகும், காங்கோங் இலை கறுக்கும். காய்க்காரர் பழைய சரக்கைத் தந்துவிட்டார் என்று சண்டை பிடிக்குமுன் உங்கள் குளிரறையின் வெப்பமானியைப் பாருங்கள். தனி அறை இல்லையென்றால் கதவுக்கு அருகே, விசிறிக்காற்று படாத மேல்தட்டில், துளையிட்ட கூடையில் வையுங்கள். வாழையிலைக்கும் இதே இடம்தான். ஈரத்துணியில் சுற்றிவைக்க வேண்டும், கட்டிய பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும்.

ஜோகூருக்குக் காரில் போய் மலிவாக வாங்கிவந்து உணவகத்தில் சமைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விற்பனைக்கான உணவுப்பொருளைக் கொண்டுவர சிங்கப்பூர் உணவு அமைப்பின் இறக்குமதி உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடமே வாங்குங்கள்.

அரிசி பற்றி இரண்டு வரி. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது. அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு 50,000 டன் தனி அனுமதி தந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. ஒரே வாசலை நம்பிய சமையலறைகள் இரண்டு முறையும் தடுமாறின. இரண்டாவது அரிசி ஒன்றை முன்கூட்டியே சமைத்துப் பார்த்து, தண்ணீர் அளவைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். பச்சரிசிப் பொன்னிக்கு ஒன்றுக்கு இரண்டரை, புழுங்கலுக்கு மூன்று என்று தொடங்கி 200 கிராமில் சோதித்துத் திருத்தலாம்.

மாலையில் சைவ உணவகங்கள். ஆனந்த பவன் 1924இலிருந்தும் கோமள விலாஸ் 1947இலிருந்தும் நடக்கின்றன. இந்த ஊர் இட்லி மாவுக்குக் குளிரைவிட வெக்கைதான் பகை. 30 டிகிரியில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு பத்துக்கு அரைத்துவிட்டுக் காலை ஒன்பதுக்கு ஊற்றினால் புளிப்பு மிஞ்சும். உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள், மாவு இரட்டிப்பானதும் குளிரறைக்கு மாற்றிவிடுங்கள்.

வெள்ளி: நார்த் பிரிட்ஜ் சாலை, பீச் சாலை

சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே ஸம் ஸம் உணவகம் 1908இலிருந்து, இறைச்சி பொதிந்த பரோட்டாவான முர்தபாக் போடுகிறது. அதே தெரு வரிசையில் 1921இல் தொடங்கிய இஸ்லாமிக் உணவகம் பிரியாணிக்குப் பெயர்போனது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூட்டம் சேருமுன், பன்னிரண்டுக்குள் போய்விடுவது நல்லது.

இங்கே பிரியாணி என்ற பெயரில் இரண்டு பண்டங்கள் உண்டு. சோற்றைத் தனியே சமைத்து மேலே கறியை ஊற்றுவது ஒன்று, தம் போட்டது மற்றொன்று. கேட்டுவிட்டு வாங்குங்கள். தம்மில் எலும்பை ஒட்டிய சோற்றின் நிறமும் மேல்சோற்றின் நிறமும் வேறாக இருக்கும்.

இந்த ஊர் ஆட்டிறைச்சியில் தம் போடுகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய இளம் ஆட்டுக்கறி நம் வெள்ளாட்டைவிடச் சீக்கிரம் வேகும், கொழுப்பும் நீரும் அதிகம் விடும். ஊர்க் கணக்கில் ஒரு மணி நேரம் வேகவைத்தால் எலும்பு கழன்றுவிடும். ஒரு கிலோ தோள்கறியை 70 கிராம் துண்டுகளாக வெட்டி, 35 நிமிடத்தில் ஒரு துண்டைக் கிள்ளிப் பாருங்கள். நகம் இறங்கி நார் இன்னும் பிடித்திருந்தால் போதும், மிச்சம் தம்மில் வேகும். மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளிவிடவும். மசாலா கறித்துண்டுகளின் மேல்மட்டம்வரை நிற்கலாம், அதற்கு மேல் நின்றால் அடிச்சோறு குழையும். ஒரு கிலோ பழைய பாசுமதிக்கு 6 லிட்டர் தண்ணீர், 60 கிராம் உப்பு. கொதியில் 5 நிமிடம், நடுவில் வெள்ளைப்புள்ளி தெரியும்போதே வடித்துவிட வேண்டும். தம் 25 நிமிடம், இறக்கி மூடி திறக்காமல் இன்னும் 15 நிமிடம்.

இரவில் பீச் சாலை, கோல்டன் மைல் உணவங்காடி. ஆட்டெலும்புச் சூப்பில் வெந்த எலும்பைக் காரமும் இனிப்புமான சிவப்புக் குழம்பில் புரட்டித் தரும் சூப் தூலாங் இங்கேதான் பெயர்பெற்றது. உறிஞ்சுகுழலால் எலும்பு மஜ்ஜையை உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். பக்கத்துக் கடைகளில் மீ கோரெங்: சீனரின் மஞ்சள் நூடுல்ஸான மீயைத் தமிழ் முஸ்லிம் சமையற்காரர்கள் மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் போட்டுத் தம்முடையதாக்கிக் கொண்டார்கள். வீட்டில் செய்யும்போது மீயை வெந்நீரில் ஒரு முறை அலசுங்கள், இல்லையென்றால் மீயின் மாவில் சேர்த்த காரநீரின் (சோடா உப்புபோன்றது) வாசம் மசாலாவை அமுக்கிவிடும். ஒரு சட்டியில் இரண்டு பேருக்கு மேல் போடாதீர்கள். சட்டி சூடு இறங்கினால் மீ வறுபடாமல் வெந்துவிடும்.

சனி: கேலாங் சிராய்

மலாய்க்காரர்களின் சந்தை. தமிழ்ச் சமையற்காரர்கள் இங்கே குறைவாகவே வருகிறார்கள், அது பெரிய இழப்பு.

பெலிம்பிங் புலோ என்று குவித்திருப்பது நம் புளிச்சக்காய், பிலிம்பி. அரைக் கிலோ கெம்போங் குழம்புக்குப் புளிக்குப் பதிலாக 8 காய் போதும். நீளவாக்கில் பிளந்து, மீனுக்கு 5 நிமிடம் முன்னால் போடவும். காய் முற்றியிருந்தால் புளிப்பு குறைந்து துவர்க்கும், பச்சை மாறாத விறைப்பான காயாக எடுங்கள். குழம்பில் தின்பதால் தொல்லையில்லை. சாறு பிழிந்து நிறையக் குடிக்கக்கூடாது, அதிலுள்ள ஆக்ஸலேட் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

புங்கா காந்தான், இளஞ்சிவப்பு மொட்டு. இஞ்சிக் குடும்பம், வாசம் இஞ்சிக்கும் எலுமிச்சைக்கும் நடுவே. மிளகு ரசம் ஒரு லிட்டருக்குப் பாதி மொட்டை முடிபோல் மெல்லியதாக அரிந்து, அடுப்பை அணைத்த பிறகு தூவி மூடிப் பாருங்கள். அன்று கொத்துமல்லி வேண்டாம், இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஞாயிறு: லிம் சூ காங்

தீவின் வடமேற்கு மூலை. நிலப்பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் வேளாண்மைக்கு. உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் உள்நாட்டிலேயே விளைவிப்பது என்று 2019இல் வைத்த இலக்கை 2025இல் மாற்றிவிட்டார்கள். பண்ணை நடத்துவது இங்கே எளிதல்ல. வடக்கே ஜோகூர் நீரிணையில் கூண்டுமீன் வளர்ப்பவர்கள் 2014, 2015 இரண்டு ஆண்டும் மிதவைப்பாசி பெருகி மீன் செத்து மிதந்ததைப் பார்த்தவர்கள். இத்தனைக்கும் நடுவில் அவர்கள் தரும் கொடுவா, கீரை, முட்டை மூன்றையும் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கலாம். கடையில் சிவப்பு 'எஸ்ஜி ஃபிரெஷ் புரொடியூஸ்' முத்திரையைத் தேடுங்கள்.

கீரைதான் இங்கே முதல் தரம். பாயாம் என்பது நம் தண்டுக்கீரை வகை, கடையல் செய்யலாம். அதைவிட முக்கியமானது சாயோர் மானிஸ். பான் மியான் என்ற நூடுல்ஸ் சூப் கிண்ணத்தில் சீனர்கள் போடும் அந்தக் கரும்பச்சை இலை. நம் தவசிக்கீரையேதான்! ஊரில் வேலியோரம் நிற்பதை இங்கே கட்டுக்கட்டாக வாங்கலாம், ஆனால் தமிழ் உணவகப் பட்டியலில் அதைக் காண்பது அரிது.

சமைக்கத் தெரியாமல் கைவிடுகிறவர்கள் அதிகம். இலை தடிமன், அப்படியே வதக்கினால் பத்து நிமிடமானாலும் காகிதம்போல் இருக்கும். 300 கிராம் இலையைக் காம்பிலிருந்து உருவி, கழுவி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இரண்டு கையாலும் துணி கசக்குவதுபோல் கசக்குங்கள். இலை உடைந்து கருத்து, கைப்பிடியளவு சுருங்கும். மறுபடி ஒரு முறை அலசிப் பிழியவும். எண்ணெயில் கடுகு, உளுந்து, கிள்ளிய மிளகாய் 3, சின்ன வெங்காயம் 10. வெங்காயம் நிறம் மாறியதும் கீரை, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், மூடி 4 நிமிடம். தண்ணீர் வற்றியதும் ஓரமாக ஒதுக்கி, நடுவில் 2 முட்டையை உடைத்து ஊற்றி, பாதி இறுகும்வரை தொடாமல் விட்டுப் பிறகு கீரையோடு புரட்டவும். முதலிலேயே கிளறினால் முட்டை இலையில் பூசிக்கொண்டு கவிச்சி அடிக்கும். தேங்காய் வேண்டாம், இலைக்கே இனிப்பு உண்டு. மானிஸ் என்றால் இனிப்பு.

பச்சையாக அரைத்துச் சாறாகக் குடிக்காதீர்கள். தைவானில் 1990களில் உடல் இளைக்கவென்று அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரல் மீளாதபடி கெட்டது. வேகவைத்து, வாரம் ஒன்றிரண்டு முறை, பொரியல் அளவில் போதும். கட்டை வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள், மறுநாள் இலை உதிரத் தொடங்கும். மிஞ்சிய காம்பை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கித் தொட்டியில் ஊன்றினால் துளிர்க்கும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்து வெயில் அதற்குப் போதும்.